நெய்வேலிச் செல்வமும் தொழிலாளர் கூலியும்

தொழில் பெருகின் செல்வம் பெருகும். செல்வம் பெருகின் கூலி தானே உயரும் என்று கூறுவார் பலர். இக்கூற்றின் முற்பகுதி மெய்யே; பிற்பகுதி ஆராய்தற்குரியது.

நீராவிப் பொறிகள் முதன்முதற் பெருகிய இங்கிலாந்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஆலைகள் பல்கின. முதலாளியின் ஆதாயமும் வளர்ந்தது. தொழிலாளியின் மெய்க்கூலியோ அதற்கு ஈடாக வளரவில்லை. 1840-ஐ அடுத்த ஆண்டுகளுக்குப் பின்னரே அது விரைந்து உயரலாயிற்று. ஆண்டுத் தொழிற்சங்கங்களுக்கு முழுச் சட்டவுரிமை கிடைத்ததும் 1871-இலேயாம். நம் சென்னையிலும், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் 1918-இற் சங்கம் கண்ட பின்னரே கூலிக்காக ஒன்றுபட்டு வாதாட இயன்றது.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திற் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருளொன்று வெளிப்பட்டது. 1956-இற் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சாரம் பிறந்தது. நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் மேனோக்கி அழுத்துதலின், அதனை அல்லும் பகலும் இறைத்தல் வேண்டும். இத்தகைய அரும்பணி புரியும் நிரந்தரத் தொழிலாளர்க்கு வீடும் பள்ளியும் மருத்துவமும் தக்க ஊதியமும் கிடைத்தன. இது பாராட்டற்பாலது. ஆயினும் அவர் பக்கத்தே ஒப்பந்தத் தொழிலாளர் பல்லாயிரவர் குறைந்த கூலிக்கு உழைத்து வருகின்றனர். பணி நிலைப்பு வேண்டி அவர்கள் 2010-இலும் 2012-இலும் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்ததை நாடறியும். நிலமிழந்த உழவரின் துயரும் தீர்ந்திலது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைபயிரினூடே கால்வாய் வெட்டப்பட்டபோது அது வெளிப்பட்டது.

கூலியை உயர்த்தின் மின்விலை ஏறும், தொழில் நலியும் என்பர் சிலர். அற்றன்று. நிரந்தரத் தொழிலாளர்க்குத் தக்க ஊதியம் அளித்தும் நிறுவனம் நலிந்திலது; 2011-இல் 'நவரத்தினம்' என்னும் தகுதியும் பெற்றது. குறைகூலியால் மின்விலை குறைகின்றதெனின், நாம் விளக்கெரித்தற்குச் செலுத்தவேண்டிய விலையில் ஒரு பகுதியைச் சுரங்கத்தில் உழைப்பவன் செலுத்துகின்றான் என்பதே அதன் பொருள். எளியவனிடம் பெறும் இக்கடனை வளர்ச்சி என்பது தகுமோ?

நிலக்கரி என்றும் நில்லாது. முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆதலின், செல்வம் கைக்கண் உள்ளபோதே அதனைப் பகிர்தல் வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி அளிக்க. நிலம் ஈந்த குடியின் மக்கட்கு நிலைத்த பணியில் முதலுரிமை நல்குக. பொருணூல் பயிலும் நம் தோழர்களும், ஒரு நாட்டின் வளர்ச்சியை ஆலைப் புகைபோக்கியின் உயரத்தால் அளவாது, கடைநிலைத் தொழிலாளியின் கூலியால் அளப்பாராக.