நோன்பு லீவுக்கு ஆறு விஞ்ஞானக் கதைகள்



நோன்பு லீவு நெருங்குகிறது. விஞ்ஞானக் கதை என்றால் சோறு தண்ணியை மறந்துவிடுகிற ஒரு சின்னக் கூட்டம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. ஆசிரியர்கள் சிலர், பழைய மாணவர்கள் சிலர். ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் பத்து வீடு சுற்றித்தான் திரும்பி வரும். இந்தப் பட்டியல் எங்கள் கூட்டத்தாருக்கும், கூட்டத்தில் சேர விரும்புகிறவர்களுக்கும்.

முதலில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. "சேர், இதெல்லாம் பொய்க் கதைதானே? பாஸ்ட் பேப்பர் செய்தால் மார்க்ஸாவது வரும்."

பாஸ்ட் பேப்பர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது யாரோ ஏற்கனவே கேட்டு முடித்த கேள்விக்குப் பதில் எழுதப் பழக்குகிறது. "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்று புதிதாகக் கேட்கப் பழக்குவது இந்தக் கதைகள்தான். செய்மதி என்று ஒன்று இல்லாத 1945ஆம் ஆண்டிலேயே, பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் கட்டுரை எழுதினார். இன்று நம் கூரைகளில் இருக்கும் டிஷ் அண்டெனாக்கள் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

இனிப் பட்டியல்.

1. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய், நிலா என்ற சாதாரணப் பெண், எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஓர் ஆட்சி. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஜீனோவுக்காக வாசிக்கும், வாப்பா அந்த ஆட்சிக்காக வாசிப்பார்.

2. ஜூல்ஸ் வேர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்'. 1870இல் முடிந்த பிரெஞ்சு நாவல். நீர்மூழ்கிக் கப்பலில் கெப்டன் நீமோ உலகைச் சுற்றுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நம் மன்னார்க் கடலுக்கும் வருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. முத்துக்குளிக்கும் ஓர் ஏழையைச் சுறா தாக்க வரும்போது நீமோ கத்தியோடு நடுவே பாய்கிறார். பிறகு அந்த ஏழையின் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சிலாவத்துறைச் சலாபத்தின் கதையை மூத்தவர்கள் வாயால் கேட்டவர்களுக்கு இந்த இடத்தில் மனசு நின்றுவிடும்.

3. பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு'. இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். நாவல் அல்ல, சிறுகதைதான். ஒரே இரவில் முடிந்துவிடும். 1905இல் எழுதிய பெண் ஒரு முஸ்லிம். வங்காளத்தில் பிறந்து, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, அண்ணனிடம் இரவில் ஒளித்து ஆங்கிலம் கற்றவர். கதை முதலில் அச்சானது நம் பக்கத்துச் சென்னையில் வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில்.

கதையில் பெண்கள் ஒரு நாட்டை நடத்துகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள். இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். ஆண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எதிரி வந்து, படை தோற்ற பிறகு, அதே சூரிய வெப்பம்தான் நாட்டைக் காப்பாற்றுகிறது. சூரியப் படல் இன்று நம் தெருவில் நாலு வீட்டுக் கூரையில் இருக்கிறது. அந்த அம்மா நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். எழுதியதோடு நிற்காமல், 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு பெண்கள் பாடசாலையும் தொடங்கினார்.

"பொம்புளப் புள்ளைக்கு மெத்ஸ் எதுக்கு" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு நாங்கள் சண்டை பிடிக்கப் போவதில்லை. இந்தக் கதையைக் கையில் கொடுக்கப் போகிறோம்.

4. கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979). 1956 முதல் 2008இல் மௌத்தாகும்வரை கிளார்க் வாழ்ந்தது இலங்கையில். இது அவர் நம் நாட்டுக்குக் கொடுத்த நாவல். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட ஒரு பொறியியலாளர் இடம் தேடுகிறார். பொருத்தமாக இருப்பது ஒரே ஒரு மலை. அதன் உச்சியில் துறவிகளின் மடம். அந்த மலை நாம் பாவா ஆதம் மலை என்று சொல்வதுதான், பெயர் மட்டும் மாற்றம். கதைக்காகத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்தியும் வைத்திருக்கிறார். ஒரு மலையைப் பல சமூகங்கள் தங்களுடையது என்று நேசிக்கும் நாட்டில் இதை வாசிப்பது தனி அனுபவம்.

5. டெட் சியாங்கின் 'த மெர்ச்சன்ட் அண்ட் த அல்கெமிஸ்ட்ஸ் கேட்' (2007). பக்தாதிலும் கெய்ரோவிலும் நடக்கும் நெடுங்கதை. ஒரு வாசல் வழியே நுழைந்தால் இருபது வருடம் முன்னுக்கோ பின்னுக்கோ போகலாம். ஆனால் நடந்ததை மாற்ற முடியாது, விளங்கிக்கொள்ள மட்டுமே முடியும். கழா கத்ர் பற்றியும் தௌபா பற்றியும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு, காலப் பயணக் கதைகளில் இதுபோல் நெருக்கமாக வருவது வேறில்லை. எழுதியவர் முஸ்லிம் அல்லர் என்பது இன்னும் ஆச்சரியம்.

6. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹைட் 451' (1953). புத்தகங்களை எரிப்பதுதான் தீயணைப்புப் படையின் வேலையாகிவிட்ட ஒரு நாடு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான தேசத்தில் இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் நாவல் சொல்லும் கசப்பான விஷயம் வேறு. அந்த நாட்டில் நெருப்புக்கு முன்பே மக்கள் வாசிப்பை விட்டிருந்தார்கள். எல்லாம் சுருக்கமாக, வேகமாக வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்களேதான். முப்பது செக்கன் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே சஹர் வரை விழித்திருக்கும் நம் பிள்ளைகளை, ஏன் நம்மையும், இந்த இடம் சும்மா விடாது.

'டியூன்' (1965) ஏன் இல்லை என்று எங்கள் கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாலைவனம், தண்ணீர், நமக்குப் பழகிய அரபுச் சொற்கள் எல்லாம் நிறைந்த பெரிய நாவல். தலைவரை இரட்சகராக்கிக் கண்ணை மூடிப் பின்னால் போனால் என்ன நடக்கும் என்ற எச்சரிக்கை அது. உயர்தரம் முடித்தவர்கள் வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம்.

ஆங்கிலம் கஷ்டம் என்று ஒதுங்க வேண்டாம். ரொக்கையாவின் கதையும் வேர்னின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு நாலு பக்கம், அகராதியோடு. நோன்பு முடியும்போது ஆங்கிலமும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விஞ்ஞானப் பிரிவுக்குப் பிள்ளைகளை அனுப்ப நாம் படாத பாடு படுகிறோம். ஆனால் பாடசாலை நூலகத்தில் விஞ்ஞானக் கதைக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகம் ஒன்று இருந்தால் பெருநாள் கழிந்து பாடசாலை திறக்கும்போது கொண்டுவந்து தாருங்கள், கிழிந்திருந்தாலும் ஒட்டிக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் லீவுக்கு வரும்போது சொக்லேட்டோடு ஒரு புத்தகமும் கொண்டுவாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த விஞ்ஞானக் கதை எது? பெயரையும், ஏன் பிடித்தது என்று ஒரு வரியும் எழுதுங்கள். அடுத்த பட்டியலை எல்லோருமாகச் சேர்ந்து போடுவோம், இன்ஷா அல்லாஹ்.