சான்றிதழ் கொடுத்தவர்களே கைவிடலாமா?

துணை மருத்துவப் பணியாளர்களை முறைப்படுத்தும் சட்டம் 2021 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வர, குறைந்தது ஈராண்டு, 2,000 மணி நேரம் படித்துப் பெற்ற பட்டயமோ பட்டமோ வேண்டும். இது தெரிந்த பிறகும் ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள்; வகுப்பு நடத்தினார்கள்; தேர்வும் வைத்தார்கள். படித்து முடித்த பிள்ளைகள், தங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல ஆளில்லை. நிர்வாகத் தாமதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெரிந்தே செய்த தவறு இது.

வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு போன்ற ஊரில் இந்தத் தவறின் விலை அதிகம். தோல் ஷாப்புகளையும் ஷூ கம்பெனிகளையும் பீடிச் சுற்றலையும் விட்டால் இங்கே பெண்களுக்கு வேறு வருமானம் குறைவு. விடிந்ததும் ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி வண்டி ஏறி, நாள் முழுக்க ஷூவின் மேல்பகுதியைத் தைத்துவிட்டு இருட்டில் திரும்பும் அக்காக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்றைய ப்ளஸ் டூ மாணவிகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பியிருக்கும் இந்தப் பகுதி முழுவதும் கலங்கியது. ஒரு பெண்ணாவது ஆஸ்பத்திரி வேலைக்குப் போகட்டும் என்று வீடுகள் நினைப்பது அந்தக் கலக்கத்தில்தான்.

அவர்கள் ஏன் ஓராண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மருத்துவப் படிப்பின் வாசலில் நீட் நிற்கிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பட்டயப் படிப்புக்கே இரண்டு ஆண்டு. தைத்தால் கிடைக்கும் மாதக்கூலியை ஓராண்டுக்கு இழப்பதே இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய துணிச்சல். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் டயாலிசிஸ் டெக்னீசியன், மயக்க மருந்து டெக்னீசியன், அறுவை அரங்கு டெக்னீசியன், ஈசிஜி டெக்னீசியன், அவசர சிகிச்சை டெக்னீசியன், பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் என்று ஓராண்டுப் படிப்புகள் வந்தன. ஓராண்டு என்ற அளவை நிர்ணயித்தவர்கள் மாணவிகள் அல்லர். அந்த அளவு போதாது என்று இப்போது சொல்வதானால், அதன் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது.

இந்த வேலை என்னவென்று அருகில் நின்று பார்த்தவர்கள் இதை இவ்வளவு அலட்சியமாகக் கையாள மாட்டார்கள். டயாலிசிஸ் நோயாளியின் கையில் ரத்த நாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கும். அந்தக் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றக் கூடாது. டயாலிசிஸ் தவிர வேறு எதற்கும் ஊசி குத்தக் கூடாது. படுக்கைக்கு வந்ததும் முதலில் எந்தக் கை என்று கேட்பவர் இந்தப் பணியாளர்தான். ஆய்வகத்தில் ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய், சர்க்கரை பார்க்கச் சாம்பல் மூடிக் குழாய். ஊதா மூடிக் குழாயை மெல்லச் சில முறை கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் ரத்தம் உறைந்து பரிசோதனையே வீணாகும். பெயர்ச்சீட்டு மாறி ஒட்டப்பட்டால் ஒருவருடைய நோய்க்கு இன்னொருவர் மருந்து சாப்பிட நேரிடும். மருத்துவர் வருவதற்கு முன்பும் போன பின்பும் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் கைகள் இவை. இவர்களுக்குப் பதிவு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பதிவுக்குள் கொண்டுவராத படிப்பில் ஏன் சேர்த்தீர்கள் என்பதே கேள்வி.

வேலூர் மாவட்டத்துக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடர் 1903-லேயே கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். செவிலியர் பள்ளி 1909-லும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-லும் வந்தன. முதலில் உதவியாளர், அடுத்து செவிலியர், பிறகு மருத்துவர் என்று படிப்படியாகக் கட்டியது அந்த நிறுவனம். நூறு ஆண்டு கழித்து அதே மாவட்டத்துப் பெண்களுக்கு அடுத்த படி எங்கே என்று காட்ட முடியாதவர்கள் நம்முடைய திட்டமிடலாளர்கள்.

இவர்களுடைய கணக்கு இதற்கு முன்பும் தப்பியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களில் ஆறு மாதத்துக்குள் கவுன்சில் அமைக்கச் சொன்னது. மூன்றாண்டு ஓடியும் எல்லா மாநிலங்களிலும் அது நடந்துவிடவில்லை. கடைசியில் 2024 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்த மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. ஒரு சட்டத்தை இயற்றிவிட்டு, அதைச் செயல்படுத்த நீதிமன்றம் பிரம்பெடுக்கும் வரை காத்திருந்தவர்களிடம் மாணவியின் எதிர்காலத்தை எப்படி ஒப்படைப்பது?

தமிழ்நாட்டில் நடந்தவையும் மறக்கக்கூடியவை அல்ல. மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் 2015-இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். ஈராண்டில் நிரந்தரம் என்ற பேச்சு நிறைவேறாததால், 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் கவச உடையில் வியர்த்து உழைத்த 2,300-க்கும் மேற்பட்ட தற்காலிகச் செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. ஆபத்து வந்தபோது வாருங்கள் என்றார்கள். அது தணிந்ததும் போகச் சொன்னார்கள். வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024-இல் ஐ.நா. விருது பெற்றது. பெருமைதான். அந்தத் திட்டத்தைத் தோளில் சுமக்கும் பெண் தன்னார்வலர்கள் கையில் வாங்குவது ஊதியம் அல்ல, ஊக்கத்தொகை.

ஆட்சிகள் மாறின. கோப்புகளை நகர்த்துகிறவர்களின் மனப்போக்கு மாறவில்லை. குறைந்த செலவில் ஆள் வேண்டும், ஆனால் அவருக்கு எந்த உரிமையும் சேர்ந்துவிடக் கூடாது என்பதே அந்த மனப்போக்கு. ஓராண்டுச் சான்றிதழ் விவகாரத்திலும் அதையே பார்க்கிறோம். பதிவில்லாத பணியாளரிடம் தனியார் மருத்துவமனை பேசும் சம்பளம் வேறு. பதிவுள்ளவரிடம் பேசும் சம்பளம் வேறு. இரவுப் பணியும் நோய்த்தொற்று ஆபத்தும் மட்டும் இருவருக்கும் ஒன்றே. அரசுக் கல்லூரியிலேயே இந்தக் கதி என்றால், பேருந்து நிலையச் சுவரில் “நூறு சதவீதம் வேலை” என்று சுவரொட்டி ஒட்டும் தனியார் பயிற்சி நிலையங்களை யார் தட்டிக் கேட்பது?

படிப்பின் தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஈராண்டு தேவை என்றால் ஈராண்டு இருக்கட்டும். ஏற்கெனவே ஓராண்டு முடித்து வார்டுகளில் உழைத்துக்கொண்டிருப்பவர்களின் படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்து, வேலையை விடாமலே பதிவுக்குள் வர ஏதேனும் ஒரு வழியை அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையமும் மாநில அரசும் கூடிப் பேசி உருவாக்க வேண்டும். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளிவருவதற்கு முன் அது நடந்தாக வேண்டும். அதுவரை, ஓராண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும் ஒவ்வொரு கல்லூரியும் இந்தச் சான்றிதழ் பதிவுக்குச் செல்லுமா, செல்லாதா என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.