விடுதி மேலாண்மை மறந்த கேள்வி

ஊழியரின் புன்னகைக்கும் மதிப்பெண் இடுவதையே திறன் என்று கொண்டாடுகிறது இன்றைய விடுதி மேலாண்மை. டிஸ்டோப்பியப் புனைவு இதை முன்பே கண்டது. 'ரோபோ' என்னும் சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து, 1920இல் வெளிவந்த காரல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் பிறந்தது. அவ்வெச்சரிக்கை வணிகத் திட்டமாயிற்று: ஜப்பானின் 'ஹென் நா' விடுதி 2015இல் எந்திர ஊழியருடன் திறக்கப்பட்டது, 2019இல் அவற்றில் ஏறக்குறைய பாதி நீக்கப்பட்டன.

மாற்று, திருவனந்தபுரத்திலேயே நிற்கிறது. 1950களில் காபி வாரியம் கடைகளை மூட முனைந்தபோது, ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். லாரி பேக்கர் வடிவமைத்த தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் அம்மரபின் வாரிசு.

எந்திரம் வருமா என்பதைவிட, உடைமை எவரிடம் என்பதே முதன்மைக் கேள்வி. சாபெக்கையும் தம்பானூரையும் ஒருங்கே பயிற்றாத மேலாண்மைக் கல்வி அக்கேள்விக்கு அஞ்சுகிறது.