மந்த புத்தியா, முயற்சியின்மையா?



"ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று ஊத்துக்குளியில் தந்தையர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு.

அறிவுக்கூர்மை அல்லாஹ்வின் அருட்கொடை; அது எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும், மதரஸாவில் ஒரே முறையில் மனனம் செய்தவன், திருப்பி ஓதாமையால் மறந்துவிடுவதைக் காண்கிறேன். இருபது முறை ஓதியவனிடமே பாடம் நிலைக்கிறது. குர்ஆனை மனனம் செய்தவரை, கட்டிவைத்த ஒட்டகத்தின் உரிமையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதைப் புகாரியில் காண்கிறோம். கவனித்தால் அது தங்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும்.

சென்னை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் அவர்களின் விமான வடிவமைப்புப் பணி தாமதமானபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு விதித்தார். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவிலும் உறங்காமல் உழைத்து அதனை முடித்தார். திறமை அவரிடம் முன்பே இருந்தது. பணியை நிறைவேற்றியது உழைப்பே.

பெற்றோரே, பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டும் முன், ஷிப்ட் முடிந்து வந்தபின் அவனருகே அரைமணி நேரமேனும் அமர்ந்து பாடம் கேட்டோமா எனச் சிந்தியுங்கள். முயற்சி அவனுக்கு மட்டுமா கடமை?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக!