அவர் மட்டும் சிரிக்கவில்லை

சிரித்தார்கள், தோழர்களே! வயிறு குலுங்கச் சிரித்தார்கள்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வந்த உருக்காலைத் தோழர்கள், ஒரு கையில் தேநீர், மறுகையில் கைப்பேசி. அதிலே நடிகவேள் எம்.ஆர்.இராதா! 1954இல் வந்த 'இரத்தக் கண்ணீர்'! எழுபதாண்டு கடந்தும் அந்தக் கரகரத்த குரலுக்குக் கூட்டம் கூடுகிறது.

நாடகத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள், நீட்டி முழக்கிப் பேசுகிறார்கள் என்பது விமர்சகர்களின் பழைய புகார். இருக்கட்டுமே! நாடகந்தான். திருவாரூர் தங்கராசு எழுத, ஊர் ஊராக இராதா ஆடிய நாடகம். 'பராசக்தி' எடுத்த அதே பெருமாள் முதலியார், அதே கிருஷ்ணன் - பஞ்சுவைக் கொண்டு அதைப் படமாக்கினார். அந்த 1954இலேதான் சென்னை சர்க்கார் நாடகங்களுக்குக் கடிவாளம் போடச் சட்டம் கொண்டுவந்தது. யாருடைய நாடகங்களைக் கண்டு அந்த நடுக்கம் என்பது ஊரறிந்த சங்கதி! அந்தச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாவென்று உயர்நீதிமன்றம் சொல்ல 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்நாளைய விமர்சகர்கள் இதைக் 'கருப்பு நகைச்சுவை' என்கிறார்கள். கருப்பு என்றால் நமக்குக் கசக்குமா? பொருத்தமான பெயர்தான். மோகனசுந்தரம் யார்? சீமைக்குப் போய்த் திரும்பிய சீமான். பெற்ற தாயை மதியாதவன், கட்டிய மனைவியைச் சீந்தாதவன். காந்தாவின் வீட்டிலே பணத்தைக் கொட்டி, நோயை வாங்கி, கண்ணையும் இழந்து தெருவிலே நிற்கிறான். உடல் அழுகுகிறது, நாக்கு மட்டும் அழுகவில்லை! பிச்சை போட வருபவனையே கேலி பேசுகிறது அந்த நாக்கு. சீமானாக இருந்தபோது அவன் பேசியது திமிர். பிச்சைக்காரனானபின் பேசுவது உண்மை. பாட்டாளி அதைக் கேட்டுச் சிரிக்கிறான் என்றால், சிரிக்க அவனுக்கு உரிமையுண்டு.

முடிவிலே, தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணமுடிக்கச் சொல்லுகிறான் மோகன். அந்த நாளிலே இதைத் திரையில் சொல்லத் துணிச்சல் வேண்டும். (சந்திராவின் சம்மதத்தை முதலில் கேட்டிருக்கலாம் என்று என் வீட்டு அம்மையார் சொல்லுவதிலும் நியாயமிருக்கிறது. சீமானின் சீரழிவுக்குத் தாசி ஒருத்தியையே குற்றவாளியாக்கியதும் எனக்கு உடன்பாடல்ல.)

ஆனால் ஒன்று. அந்தக் கூட்டத்திலே ஒரு தோழர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னைத் தனியே அழைத்து, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முன்கையிலே வெளிறிய ஒரு படை. "கம்பி சுட்டதுகூடத் தெரியலைங்க அண்ணே" என்றார். காண்டிராக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நான்கு மாதமாக மறைத்து வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மாதிரித் தப்பு எதுவும் நான் செஞ்சதில்லையே" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு நடிகவேளே இருந்திருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பார்!

தோழர்களே, தொழுநோய் தாசி வீட்டிலே வாங்குகிற நோயல்ல. பாவத்தின் சம்பளமுமல்ல. அது ஒரு கிருமி. நார்வே நாட்டு ஹான்சன் 1873லேயே கண்டு சொன்ன கிருமி. கர்மவினைக் கதைகளைக் கிழித்தெறிந்த கலைஞனின் படத்திலேயே, நோய் தண்டனையாக வந்து நிற்கிறதே! பகுத்தறிவு பேசிய படத்திலே பகுத்தறிவு சறுக்கிய இடம் அதுதான். நாம் சொல்லாமல் யார் சொல்லுவது?

படம் வந்த மறு ஆண்டு, 1955இல், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் நிலையம் வந்தது. அதே 1955இல் வந்த இந்து திருமணச் சட்டமோ, தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்க வழி வைத்திருந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அதன்பிறகும் அந்தச் சட்ட வரி அசையவில்லை. அது நீங்கிய ஆண்டு 2019! மோகனசுந்தரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொட்டகையிலே மட்டுந்தானா இருந்தார்கள்?

மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலே இலவசம். ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு. மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் அடங்கிவிடும். தோழர் மறுநாள் காலையிலேயே வந்தார். நானும் உடன் போனேன். வரிசையிலே நின்றபோது, சுருட்டிய சட்டைக் கையை அவர் இறக்கிவிடவில்லை.