பரிசல் துறையும் காவிரியின் அளவும்

ஆடி மாதத்தில் தருமபுரிப் பக்கத்தில் வானம் வெளுத்திருக்கும். வெயிலும் சுரீரென்று காயும். ஒகேனக்கலுக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் பரிசல் துறையில் நின்று, “ஒரு துளி மழை இல்லையே, பரிசலை ஏன் தடுத்துவிட்டார்கள்?” என்று கேட்பார்கள். கேள்வி இயல்பானதே. ஆனால் காவிரி விஷயத்தில் நம் தலைக்கு மேலுள்ள ஆகாயத்தைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. குடகிலே பெய்த மழை கிருஷ்ணராஜ சாகரத்தையும், வயநாட்டிலே பெய்த மழை கபினி அணையையும் நிரப்பிவிட்டால், அங்கே திறந்துவிடப்படும் ஜலம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நம் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது.

அந்த ஜலத்தைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தார் அளக்கிறார்கள். இவ்வூரின் பெயர் நம் நேயர்களுக்குப் புதிதன்று. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிற்குரியதென்று தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி. தண்ணீருக்கும் அங்கேதான் கணக்கு. அந்தக் கணக்கைக் கொண்டு இரு ராஜ்யங்களும் வழக்காடுகின்றன; டெல்டா விவசாயியும் அதை எதிர்பார்த்தே நாற்று விடுகிறான். துடுப்புப் பிடிப்பவனுடைய உயிரும், அவனை நம்பிப் பரிசலில் ஏறிய குழந்தைகளின் உயிரும் அதே கணக்கில் அடங்கியிருப்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேசக் காணோம்.

வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 2018 ஆகஸ்டிலும், 2024 ஜூலை இறுதியிலும் லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்து வந்தது. பாறைகளை மூடிப் பெருகும் அவ்வெள்ளம் மேலே பார்ப்பதற்கு வழவழப்பாகவே தோன்றக்கூடும். அந்த வழவழப்பே மனிதனை ஏமாற்றுகிறது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கதை வேறு. அங்கே நீரோட்டம் மெதுவானது. ஆகவே பார்க்க வேண்டியது கன அடியை அல்ல, 120 அடிக் கணக்கில் எத்தனை அடி நிற்கிறது என்பதையே. பத்திரிகையில் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் நம்மவர்களில் பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். நீர் மிகவும் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த பழைய நந்தி தலை காட்டுகிறது. நந்தியைக் காணக் கூட்டம் கூடுவது சரி. முன்பு ஆழமாயிருந்த இடத்தில் இப்பொழுது கல்லும் சேறும் இருக்கும் என்பதைப் பரிசலில் போகிறவர்கள் நினைக்க வேண்டாமா? அதிலும் ஒரு நாளைய எண் போதாது. நேற்று மாலை எவ்வளவு, இன்று காலை எவ்வளவு, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே முக்கியம்.

பெருக்கு வரும்போது பரிசல்களை நிறுத்தும் மாவட்ட அதிகாரிகளை நாம் குறை கூறவில்லை, நிறுத்தத்தான் வேண்டும். ஆயினும் தடை விழும் நாளெல்லாம் பரிசல் ஓட்டியின் வீட்டில் உலை கொதிப்பது எப்படி என்று சர்க்கார் யோசிக்க வேண்டும். மேலணைகளில் மதகு திறந்த செய்தி முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்த அன்று மாலையே மறுநாளைய தடையை அறிவித்துவிட்டால், சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புறப்படுகிறவர்கள் வீண் செலவு செய்யமாட்டார்கள். ஓட்டிகளும் வேறு கூலிக்குப் போவார்கள். தடை நீடித்தால் அவர்களுக்கு நிவாரணம் அளிப்பதும் சர்க்காரின் கடமையென்றே நாம் கருதுகிறோம்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பரிசல் துறையிலும் ஒரு கரும்பலகையும் சீமைச் சுண்ணாம்பும் வைத்து, பிலிகுண்டுலு அளவையும் மேட்டூர் அளவையும், முந்தைய நாள் அளவோடு சேர்த்து, காலை மாலை இரு வேளையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதச் செய்யலாம். வருகிற தென்மேற்குப் பருவ மழைக்கு முன் இதைச் செய்து முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.