கடற்கரைப் படமும் பிள்ளையின் முகமும்

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856 இல் ஆரம்பித்து 1859 இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதித் தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் பிறகு எத்தனையோ ஆட்சிகள் வந்து போய்விட்டன. பெருநாள் மாலையில் அங்கு போய்ப் பாருங்கள். உம்மாமாரும் பிள்ளைகளும்தான் இன்றும் அந்தத் திடலின் சொந்தக்காரர்கள். ஒரு கையில் இஸ்ஸோ வடை, மறு கையில் பட்டம், பின்னால் ஓடுகிற வாப்பாவின் கையில் போன்.

அந்தப் போனைப் பார்த்துத்தான் பலர் போட்டோத் தொழில் முடிந்துவிட்டது என்கிறார்கள். புறக்கோட்டையில் அல்பமும் பிரேமும் விற்றுப் பிழைத்த எனக்கு அந்த முடிவு நன்றாகவே தெரியும். பிலிம் ரோல் போனது, கழுவும் கடைகள் போயின, 2012 இல் கொடாக் கம்பனியே அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நின்றது. ஆனால், போனில் ஆயிரம் படம் வைத்திருக்கும் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக நிற்கும் படம் அதில் எத்தனை? போன் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் படத்தில் இல்லை. அந்தக் குறையை நிரப்பக் காசு கொடுக்க இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் படம் பிடித்துக் கொடுப்பது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. எமது இளைஞர்கள் பலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கொழும்பில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் மாலை 6 மணிக்குச் சற்று முன்னரும், ஜூலையில் ஏறக்குறைய 6.30 க்கும் வரும். நல்ல வெளிச்சம் அதற்கு முந்திய ஒரு மணித்தியாலம்தான். நடுப்பகலில் பிடித்தால் பிள்ளை கண்ணைச் சுருக்கும், முகத்தில் கறுப்பு நிழல் விழும். ஆகவே ஒரு மாலைக்கு ஒரு குடும்பம், மிஞ்சினால் இரண்டு. இதை மறந்து, கல்யாண வீட்டுக் கணக்கில் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னவர்கள் பெற்றோல் காசு கூடத் தேறாமல் நிற்கிறார்கள். ஒரு முழு மாலையை விற்கிறோம் என்று விலை போட வேண்டும். முற்பணம் வாங்க வேண்டும். மழை வந்தால் வேறு நாள் தருவோம், காசு திருப்பித் தரமாட்டோம் என்பதைப் பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. நீர்கொழும்பிலோ தெஹிவளையிலோ மாலையில் கடலைப் பின்னால் வைத்துக் குடும்பத்தை நிறுத்தினால் சூரியன் அவர்களுக்குப் பின்னால் நிற்கும், முகம் இருண்டுவிடும். வெள்ளைத் தட்டி பிடித்தோ பிளாஷ் போட்டோ முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் மாலைச் சூரியன் நிலப்பக்கம் இறங்குவதால், கடலைப் பின்னால் வைத்தாலும் முகத்தில் இதமான வெளிச்சம் விழும். பருவமும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது கிழக்கில் கடல் அமைதி. டிசம்பரில் கிழக்கில் மழை, அங்கிருந்து மேற்குக்கு வரலாம். கொழும்பில் ஒருவரும் மட்டக்களப்புப் பக்கம் ஒருவரும் கூட்டாகச் செய்தால் வருடம் முழுக்க வேலை இருக்கும். இப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிறு பிள்ளையைப் படம் பிடிப்பது பெரியவர்களைப் பிடிப்பது போல அல்ல. பகல் தூக்கம் முடிந்து, வயிறு நிறைந்த பிறகுதான் அழைத்து வரச்சொல்ல வேண்டும். “சிரி, சிரி” என்று கத்தினால் அழும். கையில் ஒரு வாளியைக் கொடுத்து மணலில் விட்டுவிட்டு, நீங்களும் மணலில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் கெமராவைப் பிடியுங்கள். ஓடும் பிள்ளைக்கு 500 இல் ஒரு செக்கன் வேகமாவது வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கும். மணலில் நின்று லென்ஸ் மாற்றக்கூடாது. வீட்டுக்குப் போனதும் உப்புக் காற்றுப் பட்ட கெமராவை ஈரத் துணியால் துடைத்து உலர விட வேண்டும். இவையெல்லாம் தெரிந்த சங்கதிகள். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கடலைப் பின்னால் வைத்து நிற்கும் குடும்பம் அலையைக் காண்பதில்லை. அதைக் காண்பவர் படம் பிடிப்பவர் ஒருவர்தான், அவருடைய கண்ணும் கெமராவுக்குள் இருக்கிறது. ஆகவே, அலையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். அவருடைய கூலியையும் விலையில் சேருங்கள். கூடுதல் செலவு என்று முகம் சுளிப்பவர் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். எனது வாடிக்கையாளர் ஒருவர் பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரையில் படம் பிடித்தார். பேசிய காசைக் கொடுத்தார், படங்களும் கைக்கு வந்தன. சில மாதங்கள் கழித்துப் பக்கத்து ஊரில் இருந்து உறவினர் ஒருவர் அழைத்து, “உங்கட மகள் பெரிய போர்ட்டில இருக்கிறா” என்றாராம். போய்ப் பார்த்தால், ஸ்டூடியோ வாசலில் ஆளுயர விளம்பரப் பலகை. நான்கு வயது மகளும், அவளைத் தூக்கி நிற்கும் தாயும். அதே படம் அவர்களுடைய பேஸ்புக் பக்கத்திலும் இருந்தது. கேட்டதற்கு, “நாங்கள் பிடித்த படம்தானே” என்று பதில் வந்ததாம். பலகையை இறக்கிவிட்டார்கள். பேஸ்புக்கில் இருந்ததை எத்தனை பேர் எடுத்து எங்கே வைத்திருக்கிறார்களோ! அதை யாரால் இறக்க முடியும்?

இதைப் பற்றி ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கதைத்தேன். “நாநா, படத்தப் போடாட்டி ஓடர் வராது. சனம் பார்த்துத்தானே வாறாங்க” என்றார். அவர் சொல்வதில் பொய் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் பலகாரத்தை வைப்பது போல இவர்களும் சரக்கைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் புடைவைக் கடைக்காரன் காட்டுவது தன் புடைவையை. இவர் காட்டுவது இன்னொருவருடைய பிள்ளையின் முகத்தை. பிள்ளைக்குச் சம்மதம் சொல்லும் வயதும் இல்லை. கேட்க வேண்டியது தாய் தகப்பன் இருவரிடமும். ஒருவர் தலையாட்டி மற்றவர் விரும்பாவிட்டால் அதை “இல்லை” என்றே எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எமது பெண்களில் பலர் தமது படம் வெளியே போவதை அறவே விரும்பாதவர்கள் என்பதைத் தொழிலில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிலர் விளம்பரத்துக்குச் சம்மதித்தால் கழிவு தருகிறார்கள். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. காசில்லாத குடும்பத்தின் பிள்ளை பலகையில் ஏறும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அல்பத்துக்குள் பத்திரமாக இருக்கும். அப்படியானால் எதைத்தான் காட்டுவது? மேற்குக் கரையில் சூரியனுக்கு எதிரே நிற்கும் குடும்பத்தின் முகம் இருண்டுவிடும் என்றேன் அல்லவா? விளம்பரத்துக்கு அதுவே போதும். கைகோத்து நடக்கும் வாப்பாவும் பிள்ளையும், முகம் தெரியாத கறுப்பு உருவமாக, பின்னால் செவ்வானம். அல்லது மணலில் பதிந்த சிறு பாதம், வாளியைப் பிடித்த கை, முதுகைக் காட்டி ஓடும் பிள்ளை. திறமையைக் காட்ட இவை போதாதா? முகம் இல்லாமல் தன் கைத்திறனைக் காட்ட முடியாதவர் இன்னும் கொஞ்சம் பழகட்டும்.

சட்டமும் சும்மா இல்லை. 2022 இல் நிறைவேற்றப்பட்ட 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் தொடர்பான தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. சிறு கடைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். பெயர், போன் நம்பர், பிள்ளையின் படம் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருக்கும் எவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடற்கரையில் கேளாமலே படம் பிடித்துவிட்டுப் பின்னால் வந்து காசு கேட்பவர்களையும் காண்கிறோம். பிள்ளை ஆசைப்பட்டு அழும், தகப்பன் வெட்கத்துக்காக வாங்குவார். இதை வியாபாரம் என்று சொல்ல என் வாய் வரவில்லை. அவர் வாங்காத படம் கெமராவுக்குள்ளேயே இருக்கிறதே, அதை என்ன செய்கிறார்கள்?

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து செய்தால் இந்தத் தொழிலில் நல்ல இடம் இருக்கிறது. ஆண் ஒருவர் கெமராவோடு நின்றால் படத்துக்கு வராமல் ஒதுங்கும் தாய்மார், பெண் பிடித்தால் வருவார்கள். கம்பியூட்டரில் படத்தைத் திருத்துவதையும் பெண்ணே செய்தால் வேறு ஆண் கண் படாது. கெமரா பழகிய எமது பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல வருமானம்.

இன்னொன்று, படத்தைக் கொடுத்ததும் அழித்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கரையோர வீடுகளோடு அல்பங்களும் கடலோடு போயின. பிள்ளையை இழந்த பெற்றோர் அதன் முகத்தை இன்னொரு முறை காண, உறவினர் வீட்டுக் கல்யாணப் படங்களின் ஓரங்களில் தேடியதாக என்னிடம் அல்பம் வாங்கிய கிழக்கு வியாபாரி ஒருவர் சொன்னார். கடலுக்குத் தூரமாக இருந்த ஸ்டூடியோவில் பழைய நெகட்டிவ் கிடைத்து, அதிலிருந்து ஒரு பிரதி போட்டுக் கொடுத்தபோது அந்தத் தாய் அதைக் கீழே வைக்கவே இல்லையாம். ஸ்டூடியோக்காரர் காசும் வாங்கவில்லை.

ஆகவே, பிரதியொன்றைப் பூட்டி வையுங்கள், வெளியே விடாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கடையில், மற்றது வீட்டில். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பில்லிலே எழுதுங்கள். அதே பில்லில், “இப்படங்களைப் பெற்றோரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எங்கும் பயன்படுத்த மாட்டோம்” என்று ஒரு வரியை அச்சடித்து, கீழே உங்கள் கையொப்பத்தையும் போட்டுக் கொடுங்கள். பில் புத்தகம் அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது இந்த வரிகளைச் சேர்க்கக் கூடுதலாக ஒரு சதமும் செலவாகாது.